134 தோல்விகள்: ஸ்பைடர்ஸ் எப்படி அழிந்தது?

வணக்கம். 2024-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 121 ஆட்டங்களில் தோற்றபோது பலரும் கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸை நினைவுகூர்ந்தார்கள். 1899-இல் அந்த அணி 20 வெற்றி, 134 தோல்வி. தொழில்முறை பேஸ்பால் அணி ஒன்று இவ்வளவு மோசமாக ஆட முடியுமா? கிளீவ்லாந்தின் இன்றைய அணியான கார்டியன்ஸ் அந்த அணியின் தொடர்ச்சிதானா?
எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

நீங்கள் சொல்லும் எண்கள் சரி. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டையும் சேர்த்துப் பாருங்கள். 1898-இல் இதே ஸ்பைடர்ஸ் 81 வெற்றி, 68 தோல்வி. 1895-இல் பால்டிமோரை வீழ்த்தி, லீக்கின் முதல் இரண்டு அணிகள் மோதும் டெம்பிள் கோப்பையை வென்ற அணி இது. புகழ்பெற்ற எறிகை வீரர் சை யங் தன் 511 வெற்றிகளில் 241-ஐ இந்த அணிக்காகத்தான் எடுத்தார். ஒரே குளிர்காலத்தில் இப்படிப்பட்ட அணி ஆடத் தெரியாமல் போய்விடாது.

உரிமையாளர்கள் ராபிசன் சகோதரர்கள். டிராம் கம்பெனி நடத்தியவர்கள். தங்கள் டிராம் போகும் வழியிலேயே லீக் பார்க் மைதானத்தைக் கட்டினார்கள். ஆட்டம் நடந்தால் இரண்டு பக்கமும் வரும்படி. இடித்தது ஞாயிற்றுக்கிழமை. வாரத்தில் ஆறு நாள் உழைக்கும் ஊரில் அன்று ஒருநாள்தான் கூட்டம் வரும், அன்றுதான் ஆடத் தடை. 1897 மே 16 அன்று தடையை மீறி ஆடினார்கள். ஒரு இன்னிங்ஸ் முடிந்ததும் போலீஸ் இரண்டு அணியினரையும் கைது செய்தது. செயின்ட் லூயிஸ் நகரில் அந்தத் தொல்லை இல்லை.

1899 தொடக்கத்தில் செயின்ட் லூயிஸ் அணி கடனில் மூழ்கி ஏலத்துக்கு வந்தது. ராபிசன்கள் அதை வாங்கினார்கள், கிளீவ்லாந்தையும் கைவிடவில்லை. ஒருவரே இரண்டு அணிகளை வைத்துக்கொள்வதை, இவை ஆடிய நேஷனல் லீக் அன்று தடுக்கவில்லை. புரூக்ளினும் பால்டிமோரும்கூட அப்படி ஒரே கைக்குள்தான் இருந்தன. சை யங், ஜெஸ்ஸி பர்கெட், பாபி வாலஸ் என நட்சத்திர ஆட்டக்காரர்கள் எல்லோரும் செயின்ட் லூயிஸுக்குப் போனார்கள். 1898-இல் 39 வெற்றி, 111 தோல்வியோடு கடைசி இடத்தில் கிடந்த செயின்ட் லூயிஸின் ஆட்டக்காரர்கள் பலர் கிளீவ்லாந்துக்கு வந்தார்கள். சட்டையை மட்டும் மாற்றிப் போட்டது போலத்தான். அதன் பிறகும் விடவில்லை. மேலாளரும் மூன்றாம் பேஸ் ஆட்டக்காரருமான லேவ் கிராஸ் 38 ஆட்டங்கள் முடிந்ததும் செயின்ட் லூயிஸுக்கு அழைக்கப்பட்டார். யாராவது கொஞ்சம் தேறினால் அவரும் போய்விடுவார் என்ற நிலையில் எந்த அணி எழுந்து நிற்கும்?

கிளீவ்லாந்து மக்கள் ஏமாறவில்லை, மைதானத்துக்கு வருவதை நிறுத்தினார்கள். 42 உள்ளூர் ஆட்டங்களுக்கு வந்தவர்கள் மொத்தம் 6,088 பேர். ஆட்டத்துக்குச் சராசரி 145. டிக்கெட் வசூலில் வெளியூர் அணிக்கும் பங்கு உண்டு. 145 பேரின் காசில் வரும் பங்கு ஹோட்டல் செலவுக்கே போதாது என்று மற்ற அணிகள் வர மறுத்தன. அதனால் மீதி ஆட்டங்களும் வெளியூருக்குப் போயின. 154-இல் 112 வெளியூரில். அவற்றில் 101 தோல்வி.

தோல்விக் கணக்கில் பாதியை இந்தப் பயணமே விளக்கிவிடும் என்பது என் கருத்து. ரயிலிலேயே குடியிருக்கும் அணிக்கு எறிகை வீரர்களின் கைதான் முதலில் போகும். எடுத்த ரன் 529, விட்ட ரன் 1,252. ஆட்டத்துக்கு எட்டுக்கு மேல். எறிகை வீரர் ஜிம் ஹ்யூய் 4 வென்று 30 தோற்றார். கடைசி 41 ஆட்டங்களில் 40 தோல்வி, அதில் 24 தொடர்ச்சியாக. அக்டோபர் 15, சின்சினாட்டியில் கடைசி ஆட்டம். பந்தெறிய நிறுத்தப்பட்டவர் எடி கோல்ப், ஹோட்டலில் சுருட்டுக் கடையில் வேலை பார்த்த இளைஞர். 19-3 என்று தோற்றார்கள்.

பருவம் முடிந்ததும் நேஷனல் லீக் 12 அணிகளை எட்டாகக் குறைத்தது. கிளீவ்லாந்து, லூயிவில், பால்டிமோர், வாஷிங்டன் நான்கும் நீக்கப்பட்டன. இவ்வளவு செய்தும் அந்த ஆண்டு செயின்ட் லூயிஸுக்குக் கிடைத்தது ஐந்தாம் இடம்தான்.

கார்டியன்ஸ் இதன் தொடர்ச்சி அல்ல. அது கிராண்ட் ராபிட்ஸ் நகரிலிருந்து 1900-இல் அமெரிக்கன் லீக் கொண்டுவந்த வேறு அணி. ஆனால் ஆடியது அதே லீக் பார்க்கில். 1909-இல் சை யங் அங்கே திரும்பி வந்தார், 42 வயதில், அந்தப் புதிய அணியின் சட்டையில்.