வீட்டுக்குள் வைத்திருக்கும் அக்லோனிமா என்ற அழகுச்செடியில் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருக்கிறதே, எப்படிப் போக்குவது?

அது மாவுப்பூச்சி. மருந்து தேடுவதற்கு முன் தொட்டியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போங்கள்.

கும்பகோணத்தில் எங்கள் வீட்டு வாசல் செம்பருத்திக்கும் இதே தொல்லை உண்டு. ஐப்பசி மழை நாலு நாள் அடித்தால் பெரும்பாலும் கழுவிக்கொண்டு போய்விடும்; மிச்சத்தைப் பொறிவண்டு தின்றுவிடும். 2008-ல் கோவையில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சியையே, 2010-ல் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த சிறு குளவிகள்தான் அடக்கின. கூடத்துக்குள் மழையும் வராது, வண்டும் வராது. அந்த வேலையை நம் கைதான் செய்ய வேண்டும். வயலுக்கு அடிக்கும் மருந்தை வீட்டுக்குள் அடிக்கவே அடிக்காதீர்கள். ஒருமுறை அடித்துவிட்டு, குழந்தை தூங்கும் இடத்தில் இரண்டு நாள் நெடி போகாமல் தவித்திருக்கிறேன்.

அக்லோனிமாவின் இலைக்காம்பு தண்டை உறைபோலத் தழுவியிருக்கும். அதை விரலால் மெல்ல விலக்குங்கள். உள்ளே அரிசிக் குருணை அளவில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும். பஞ்சாகத் திரண்டிருப்பது முட்டைப் பை. ஒன்றிலேயே நூற்றுக்கணக்கில் முட்டைகள். காது குடையும் பஞ்சுக்குச்சியைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் (மருந்துக்கடையில் கிடைக்கும் ஆல்கஹால்) நனைத்து ஒவ்வொன்றாக ஒற்றி எடுங்கள். தொட்டதுமே மாவு கரைந்து பூச்சி பழுப்பாகத் தெரியும். பிறகு இலையின் அடிப்பக்கம் நன்றாக நனையும்படி தண்ணீரைப் பீய்ச்சுங்கள்.

வெயில் தாழ்ந்ததும் வேப்பெண்ணெய். 5 மில்லி எண்ணெயில் சில சொட்டு சோப்புத் திரவத்தை முதலில் குழைத்து, அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் தனியே மிதக்கும். ஓர் இலையில் மட்டும் தெளித்து, மறுநாள் கருகவில்லை என்று பார்த்துவிட்டு மற்றவற்றுக்குத் தெளியுங்கள். முட்டைகள் பின்னால் பொரிந்துகொண்டே இருக்கும் என்பதால் வாரம் ஒருமுறை வீதம் நாலு வாரம் விடாமல் செய்ய வேண்டும். இரண்டாவது வாரத்தோடு நான் நிறுத்திய போதெல்லாம் திரும்ப வந்துவிட்டது.

தொட்டியில் எறும்பு ஊர்கிறதா? இந்தப் பூச்சி கழிக்கும் தேன்போன்ற நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். அந்தக் காலத்தில் பலகார அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவார்களே, அதேபோலத் தண்ணீர்த் தட்டில் ஒரு செங்கல் வைத்து அதன்மேல் தொட்டியை வையுங்கள். கொசு முட்டையிடாதபடி தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுங்கள்.

நர்சரியிலிருந்து வரும் புதுச்செடியை இரண்டு வாரமாவது தனியே வையுங்கள். எங்கள் கூடத்துக்குள் மாவுப்பூச்சி வந்ததே ஒரு குரோட்டன்ஸ் தொட்டியோடுதான்.