ஒல்லியானவருக்கும் கல்லீரல் கொழுப்பு?

கேள்வி: உயரம் 170 செ.மீ., எடை 66 கிலோ. பார்ப்பவர்கள் ஒல்லி என்பார்கள். ஆறு மாதம் முன்பு இரண்டாம் வகை நீரிழிவு என்றார்கள். ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு. இரவு அரை வயிற்றோடு படுத்தாலும் காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை 150. சாப்பிடாமலே எப்படி ஏறுகிறது?

பதில்: அந்தச் சர்க்கரை உங்கள் கல்லீரல் தயாரித்தது. நாம் தூங்கும்போது மூளைக்கு வேண்டிய குளுக்கோஸைக் கல்லீரல்தான் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் விடுகிறது. 'போதும், நிறுத்து' என்று அதை அடக்குவது இன்சுலின். கொழுப்பு ஏறிய கல்லீரல் அந்தச் சொல்லைக் கேட்பதில்லை. விடிய விடிய குளுக்கோஸை விட்டுக்கொண்டே இருக்கும்.

அதை அடக்கக் கணையம் கூடுதல் இன்சுலின் சுரக்கிறது. அதிக இன்சுலினோ, மிஞ்சிய மாவுச்சத்தைக் கல்லீரலிலேயே கொழுப்பாக மாற்றத் தூண்டுகிறது. கல்லீரல் தாங்காத கொழுப்பு ரத்தம் வழியாகக் கணையத்துக்கும் போய்ச் சேர, இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் சோர்ந்து வேலையைக் குறைத்துக்கொள்கின்றன. இந்த இரட்டைச் சுழலை 2008-ல் முன்வைத்தவர் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராய் டெய்லர். 2011-ல் வெளியான அவரது ஆய்வில், நாளுக்கு 600 கலோரி உணவில் ஏழே நாளில் கல்லீரல் கொழுப்பு சுமார் 30 சதவீதம் குறைந்தது; வெறும் வயிற்றுச் சர்க்கரையும் இயல்புக்கு வந்தது. கணையம் தெளிய எட்டு வாரம் பிடித்தது.

தோலுக்கடியில் கொழுப்பைச் சேமிக்கும் இடம் ஆளுக்கு ஆள் வேறு. சிலருக்கு அது சீக்கிரமே நிரம்பிவிடும்; மிச்சம் உறுப்புகளில் படியும். உங்களுக்கு நடந்திருப்பது அநேகமாக இதுதான். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்ட பிறகு, டேப்பை இறுக்காமல் வைத்து அளந்து பாருங்கள். உயரத்தில் பாதிக்குள், அதாவது உங்களுக்கு 85 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. பேன்ட் சைஸை நம்பாதீர்கள். அது தொப்பைக்குக் கீழே நிற்கும்.

ஒல்லியானவர்களுக்கு எடையில் 10 சதவீதத்துக்குள் குறைத்தாலே பலன் தெரிவதுண்டு; உங்களுக்கு அது 4 முதல் 6 கிலோ. ஒன்று முக்கியம்: முயற்சி செய்யாமலே எடை இறங்கிக்கொண்டிருந்தால் உணவைக் குறைக்கவே கூடாது. அது, இன்சுலின் சுரப்பே அற்றுப்போகும் முதல் வகை நீரிழிவாகவும் இருக்கலாம். அதைக் கண்டறிய உதவும் ஆன்டிபாடி எனும் ரத்தப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் உடனே கேளுங்கள்.

கேள்வி: அல்ட்ராசவுண்டில் கல்லீரல் நார்மல். கொழுப்பே இல்லை என்று நினைக்கலாமா?

பதில்: முடியாது. கல்லீரலில் கொழுப்பு 5 சதவீதத்தைத் தாண்டினாலே அது கொழுப்புக் கல்லீரல். அல்ட்ராசவுண்டோ 20 சதவீதத்துக்குக் கீழே பெரும்பாலும் தவறவிடும்.

கேள்வி: எடையைக் குறைத்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். அதே நேரம், மருத்துவரிடம் சொல்லாமல் உணவைப் பாதியாக்கவும் வேண்டாம். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவருக்குச் சாப்பாடு குறைந்த அன்றே சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளில் சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலே ரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. ரத்த அழுத்த மாத்திரையின் அளவும் மாற வேண்டியிருக்கும். மருந்தில்லாமல் மூன்று மாதம் கழித்தும் ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.5 சதவீதத்துக்குக் கீழே நின்றால்தான் நோய் தணிந்தது என்பார்கள். எடை திரும்பினால் நோயும் திரும்பும். ஆண்டுக்கு ஒருமுறையாவது ஹெச்பிஏ1சி, கண், பாதப் பரிசோதனைகளை விடாதீர்கள்.