நேரில் போனால் மட்டும் போதுமா?

கேள்வி: பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் ரொமான்டிக் கால ஓவியர்கள் அரபுப் பெண்களைத் தங்கள் இஷ்டத்துக்குக் கற்பனை செய்துகொண்டார்கள் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். பிரெஞ்சு ஓவியர் தெலாக்ருவா அல்ஜீரியாவின் அல்ஜியர்ஸ் நகரத்துக்கே போனவர். பார்த்ததைத்தான் வரைந்தார். எதற்கெடுத்தாலும் ஓரியண்டலிசம், அதாவது கீழை நாடுகளை மேற்கு தன் வசதிக்குக் கற்பனை செய்யும் பார்வை, என்று சொல்லி ஓவியத்துக்குள் அரசியலைப் புகுத்துவது ஏன்?

பதில்: தெலாக்ருவாவின் 'அல்ஜியர்ஸ் பெண்கள்' மகத்தான ஓவியம். அந்தத் துணிகளில் விழும் வெளிச்சத்துக்காகவே அதை மணிக்கணக்கில் பார்க்கலாம். ஆனால் 'நேரில் போய்ப் பார்த்தார்' என்பதோடு விவகாரம் முடிந்துவிட்டதாக நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அங்கேதான் தொடங்குகிறது.

1830இல் பிரான்ஸ் அல்ஜியர்ஸைப் பிடித்தது. 1832இல் மொராக்கோ சுல்தானிடம் போன பிரெஞ்சுத் தூதுக்குழுவோடு தெலாக்ருவாவும் போனார். மொராக்கோவில் மாதக்கணக்கில் இருந்தும் முஸ்லிம் வீடுகளில் பெண்கள் இருக்கும் பகுதிக்குள் அவரால் போக முடியவில்லை. டான்ஜியர் நகரத்து யூதக் குடும்பங்கள்தான் அவரை வரவேற்றன. அதனால் அங்கே அவர் வரைந்த பெண்களில் பெரும்பாலோர் யூதப் பெண்கள். இவர்களையும் சேர்த்து 'கீழைத்தேயப் பெண்' என்று ஒரே பெயரில் அடக்கிவிடும் வழக்கம் இன்றும் போகவில்லை.

திரும்பும் வழியில், ஜூன் கடைசியில், சில நாட்கள் அல்ஜியர்ஸில் தங்கினார். மொராக்கோவில் திறக்காத கதவு இங்கே திறந்தது. துறைமுகத்தில் பிரெஞ்சுப் பொறியாளரின் கீழ் வேலை பார்த்த ஒருவர், அந்த அதிகாரி கேட்டுக்கொண்டதால், ஓவியரைத் தன் வீட்டுக்குள் விட்டார் என்று பின்னாளில் எழுதப்பட்ட ஒரு குறிப்பு சொல்கிறது. ஊரைப் பிடித்து இரண்டு வருடம்தான் ஆகியிருக்கிறது. கேட்பவர் மேலதிகாரி. அந்த மனிதரால் முடியாது என்று சொல்லியிருக்க முடியுமா? வீட்டுப் பெண்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா? உங்கள் 'பார்த்ததைத்தான் வரைந்தார்' என்ற வாக்கியத்துக்குள் இந்தக் கேள்விகளும் இருக்கின்றன.

அந்த வீட்டில் போட்ட கோட்டுருவங்களின் ஓரத்தில் மூனி, பாயா, ஸோரா என்று பெண்களின் பெயர்களை அவரே குறித்துவைத்தார். அப்புறம் பாரிஸில், தன் பட்டறையில், மாடல்களை வைத்துப் பெரிய ஓவியத்தை முடித்தார். 1834இல் பாரிஸின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான சலோனுக்கு வந்தபோது பெயர்கள் போய்விட்டன, 'அல்ஜியர்ஸ் பெண்கள்' மட்டும் மிஞ்சினார்கள். மன்னர் லூயி ஃபிலிப் அதை வாங்கினார். அதே ஆண்டில்தான் அவருடைய அரசு அல்ஜீரியாவை பிரெஞ்சு உடைமை என்று முறைப்படி அறிவித்தது. அந்தப் பெண்களை முழு உடையில், கண்ணியமாகத்தான் வரைந்தார் என்று நீங்கள் சொல்லலாம். உண்மை. அவரை அதே காலத்து இன்னொரு பிரெஞ்சு ஓவியரான ஆங்க்ரோடு சேர்த்து ஒரே தட்டில் வைக்க நானும் தயாரில்லை.

ஆங்க்ர் துருக்கிப் பக்கமோ அரபு நாடுகள் பக்கமோ போனதே இல்லை. ஆங்கிலேயத் தூதரின் மனைவி மேரி மாண்டேகு 1717இல், அன்று துருக்கிய ஆட்சியில் இருந்த சோஃபியா நகரத்துப் பெண்கள் குளியலறைக்குப் போய்வந்து ஒரு கடிதம் எழுதினார். பெண்கள் தன்னை மிகுந்த மரியாதையோடு நடத்தினார்கள், அவர்களிடம் விரசமான ஒரு சிரிப்போ அசைவோ இல்லை என்று அதில் தெளிவாகச் சொல்கிறார். அந்தக் கடிதத்தின் பகுதிகளை ஆங்க்ர் தன் குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தார். அதிலிருந்து அவருடைய 'துருக்கியக் குளியல்' ஓவியம் எப்படி வந்தது? ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து கிடக்கும் நிர்வாண உடல்கள். 1862இல் முடித்தபோது அவருக்கு வயது 82. அந்தப் பெண்களில் ஒருவருக்காவது ஒரு பேச்சு, ஒரு யோசனை இருப்பதாகத் தெரிகிறதா, பார்த்துச் சொல்லுங்கள். கடிதம் எழுதியவர் கண்ட மரியாதை முழுக்க வழியில் தொலைந்துவிட்டது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

அந்தக் காலமே அப்படி, வேறு எப்படி வரைந்திருக்க முடியும் என்று அடுத்து கேட்பீர்கள். வரைந்தவர் இருந்தார். ஹென்ரியெட் பிரவுன் என்ற புனைபெயரில் வரைந்த பிரெஞ்சுப் பெண், இஸ்தான்புல்லில் ஓர் அந்தப்புரத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு, 1861 சலோனில் அந்த ஓவியங்களை வைத்தார். உடை உடுத்திய பெண்கள், விருந்தாளிகளை வரவேற்கிறார்கள். பெரிய கூடம், அதிகப் பொருட்கள்கூட இல்லை. ஒரு வீடு வீடாகத் தெரிகிறது, அவ்வளவுதான். பாரிஸ்காரர்கள் கண்ணெதிரே தொங்கிய படம் இது. இன்று ஆங்க்ரைத் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு பிரவுனைத் தெரியும்?

சரி, அரசியல். ரொமான்டிக் ஓவியர்களுக்கு அடுத்த தலைமுறைக்காரரான பிரெஞ்சு ஓவியர் ஜெரோம் 1866இல் 'அடிமைச் சந்தை' என்று ஒரு படம் வரைந்தார். நிர்வாணமாக நிற்கும் ஒரு பெண்ணின் பற்களைத் தலைப்பாகை கட்டியவர்கள் விரல் விட்டுச் சோதிக்கிறார்கள். வழவழப்பான, புகைப்படம் போன்ற வேலை. 2019 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில், குடியேறிகளை எதிர்க்கும் ஜெர்மானியக் கட்சியான ஏஎஃப்டி, பெர்லின் தெருக்களில் அந்த ஓவியத்தையே சுவரொட்டியாக ஒட்டியது. ஐரோப்பா அரபு நாடாக மாறிவிடக் கூடாது என்பது அதன் வாசகம். 153 வருடப் பழைய கற்பனை, இன்றைய அரபு மனிதர்களுக்கு எதிரான சாட்சியாக நிறுத்தப்பட்டது. ஓவியத்தை வைத்திருக்கும் அமெரிக்காவின் கிளார்க் அருங்காட்சியகம் கண்டித்து எழுதியது, நிறுத்தச் சொல்லிக் கேட்டது. காப்புரிமை காலாவதியான படம் என்பதால் அதற்கு மேல் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.