பெரம்பூரில் யூதப் படவிழாவா?

கேள்வி: மகளைப் பார்க்க சான்பிரான்சிஸ்கோ போனபோது அங்கே யூதத் திரைப்பட விழாவில் இரண்டு படம் பார்த்தேன். எங்கள் குடியிருப்புச் சங்க ஹாலிலும் ஒரு சனி, ஞாயிறு அப்படி நடத்தலாம் என்றால், "சென்னையில் யூதர் எங்கே இருக்கிறார்கள், யாருக்காக இது?" என்கிறார்கள். என்ன சொல்வது?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: படம் பார்க்கிறவர்களுக்காக என்று சொல்லுங்கள். டிசம்பரில் நம் சென்னைத் திரைப்பட விழாவில் ஈரானியப் படத்துக்கு வரிசையில் நிற்கிறோமே, அங்கே எத்தனை ஈரானியர் இருக்கிறார்கள்? நீங்கள் போன விழா 1980களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது, இந்த வகையில் உலகத்திலேயே முதலாவது. அதற்கும் யூதர் அல்லாதவர்கள் வரத்தான் செய்கிறார்கள்.

அப்புறம், சென்னைக்கும் யூதர்களுக்கும் தொடர்பே இல்லை என்று யார் சொன்னது? கோல்கொண்டா வைரம் வாங்க பவளத்தோடு கப்பலேறி வந்த யூத வியாபாரிகள் 17ஆம் நூற்றாண்டிலேயே இங்கே குடியிருந்தார்கள். ஜார்ஜ் டவுன் பவளக்காரத் தெரு அவர்கள் ஞாபகம்தான். லாயிட்ஸ் சாலையில் அவர்களுக்கென்று சின்னக் கல்லறைத் தோட்டமும் உண்டு.

எடுத்த எடுப்பில் ஹிட்லர் கால வதைமுகாம் படங்களை வரிசையாகப் போட்டுவிடாதீர்கள். அவை பார்க்க வேண்டியவைதான், ஆனால் ஒரு சமூகத்தின் சாவை மட்டுமே காட்டிவிட்டு விழா என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. நம் சினிமாவிலிருந்தே தொடங்கலாம்: 1931இல் வந்த முதல் இந்தியப் பேசும்படம் 'ஆலம் ஆரா'வுக்கு எழுதியவர் ஜோசப் டேவிட், பெனே இஸ்ரேல் என்கிற மகாராஷ்டிர யூதப் பிரிவைச் சேர்ந்தவர், அந்தப் படத்தைத் தயாரித்த அர்தேஷிர் இரானிதான் அதே வருஷம் நமக்கு முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' கொடுத்தார். ஊமைப்பட ராணி சுலோசனாவின் நிஜப்பெயர் ரூபி மையர்ஸ், 1973ஆம் ஆண்டுக்கான பால்கே விருது பெற்றவர். இந்திப் படம் 'ஸ்ரீ 420'இல் சிகரெட் ஹோல்டரோடு மிரட்டும் நாதிரா, 'பூட் பாலிஷ்' படத்தில் நடித்த டேவிட் எல்லோரும் யூதர்களே. இவர்கள் கதையைச் சொல்லும் 'ஷாலோம் பாலிவுட்' (2017) ஆவணப்படத்தை முதல் காட்சியாக வைத்தால் "யாருக்காக" என்று கேட்டவரே முன்வரிசையில் உட்காருவார்.

ஒரு எச்சரிக்கை. ஓடிடி சந்தா இருக்கிறது என்று புரொஜெக்டரில் போட்டுவிட முடியாது, பொதுத்திரையிடலுக்கு உரிமைதாரரின் அனுமதி வேண்டும். சென்சார் சான்றிதழ் இல்லாத வெளிநாட்டுப் படம் என்றால் அரசின் விலக்கும் வாங்க வேண்டும். எனவே முதலில் ஒரு ஃபிலிம் சொசைட்டியோடு கைகோத்துக்கொள்ளுங்கள். யூத விருந்தினர் யாரையாவது அழைப்பதாக இருந்தால் வெள்ளி மாலை முதல் சனி மாலைவரை அவர்களுக்கு ஓய்வுநாள், அதனால் அவர் பேசுவதை ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள்.