இல்லாத கால் வலிக்கிறது, மேடம்

வணக்கம் மேடம். எனக்கு 34 வயது, டூவீலர் மெக்கானிக். லாரி மோதி வலது கால் முழங்காலுக்குக் கீழே போய் எட்டு மாதம் ஆகிறது. செயற்கைக் கால் வாங்கி ஒரு மாதம் மாட்டினேன், உரசி உரசிப் புண்ணானதும் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அதைவிடப் பெரிய தொல்லை ராத்திரியில்தான். இல்லாத காலின் கட்டைவிரலை யாரோ பிளையரால் திருகுகிற மாதிரி வலிக்கிறது. பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயந்து மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அவள் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போய்த்தான் வீடு ஓடுகிறது. மகளுடைய சைக்கிள் செயின் கழன்று இரண்டு மாதமாகத் திண்ணையில் கிடக்கிறது, அதைத் தொடக்கூட மனசு வரவில்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "மாரியப்பனைப் பாரு, தங்கம் வாங்கலையா" என்கிறார்கள். எரிச்சலாக வருகிறது. நான் இருந்து என்ன பிரயோஜனம்?

— ஒரு வாசகர், சேலம் மாவட்டம்

தம்பி, உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். செத்துவிடலாம் என்கிற அளவுக்கு நினைப்பு போகிறதா? போகிறதென்றால் இன்றைக்கே மனைவியிடம் சொல்லுங்கள், அரசின் மனநல உதவி எண் 14416க்குப் போன் போடுங்கள், காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ராத்திரி வலிக்கு வருவோம். இது பைத்தியம் இல்லை. கால் போனாலும் மூளையில் அந்தக் காலுக்கான இடம் அப்படியே இருக்கிறது, கால் எடுத்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இந்த வலி வரும். ஆஸ்பத்திரியிலேயே சொல்லி அனுப்பியிருந்தால் எட்டு மாதம் தனியாகப் பயந்திருக்க மாட்டீர்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் இதற்கு ஒரு கண்ணாடி வைத்தியம் கொண்டுவந்தார். நீளமான கண்ணாடியை இரண்டு கால்களுக்கும் நடுவில், இடது கால் அதில் தெரிகிற மாதிரி நிறுத்துங்கள், தெரிவதுதான் வலது கால் என்று பார்த்துக்கொண்டே விரல்களை மெல்ல மடக்கி விரியுங்கள், தினம் கால் மணி நேரம். எல்லாருக்கும் கேட்காது. கேட்காவிட்டால் மாத்திரை இருக்கிறது, டாக்டரிடம் வலியை நீங்கள் எனக்கு எழுதிய மாதிரியே சொல்லுங்கள், பிளையர் உட்பட.

கட்டிலுக்கு அடியில் கிடக்கிற கால் பற்றி ஒரு மெக்கானிக்கிடம் நான் சொல்ல வேண்டியதில்லை. அளவு சேராத பார்ட் உரசத்தானே செய்யும்? முதல் வருஷத்தில் மிச்சமிருக்கிற கால் வற்றிச் சின்னதாகும், அதை நுழைக்கிற கிண்ணம், அதாவது சாக்கெட், லூஸாகிவிடும். புண் ஆறியதும் செய்துகொடுத்த இடத்துக்கே எடுத்துப் போங்கள், கூடுதல் சாக்ஸ் போட்டோ, முடியாவிட்டால் சாக்கெட்டை மாற்றியோ தருவார்கள். நீங்கள் தோற்றுப்போய்க் கழற்றியதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், எனக்கென்னவோ வெறும் ஃபிட்டிங் கோளாறு என்றுதான் படுகிறது.

அப்புறம் மாரியப்பன். எரிச்சல் நியாயம்தான். பஸ் சக்கரத்தில் அவர் கால் நசுங்கியபோது வயது 5, ரியோ பாராலிம்பிக்கில் தங்கம் வாங்கிய 2016இல் வயது 21. நடுவில் 16 வருஷம், அதை உங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் சொல்வதில்லை. உங்களுக்கு எட்டு மாதம். கால் போன துக்கத்தையே நீங்கள் இன்னும் யாரிடமும் அழுது தீர்க்கவில்லை, அதற்குள் பதக்கம் கேட்டால் எப்படி?

இந்தக் கடிதத்தை மனைவியிடம் படிக்கக் கொடுங்கள். சைக்கிள் செயின் மாட்ட நிற்க வேண்டாம், திண்ணையில் உட்கார்ந்தே மாட்டலாம், மகள் பெடலைப் பிடித்துக்கொள்ளட்டும். கண்ணாடி கேட்டதா இல்லையா என்று மூன்று வாரம் கழித்து எழுதுங்கள்.