நான்காம் வருடம் சாவி யார் கையில்?

அன்புள்ள சார்,

ஓசூரிலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு வரும் ஜூனில் மூன்று வயது முடிகிறது. இங்கே போய்ப் பார்த்த ப்ரீ கேஜி எதிலும் சேர்க்க மனம் வரவில்லை. ஒன்றில் இரண்டரை வயதுக் குழந்தைகளை உட்காரவைத்து நோட்டில் ‘ஏ’ எழுதவைக்கிறார்கள். இன்னொன்றில் சுவர் முழுக்க கார்ட்டூன் படம், ஆனால் அறைக்கு ஜன்னல் கிடையாது. கட்டணத்துக்கு மட்டும் குறைவில்லை.

எங்கள் குடியிருப்பில் இதே புலம்பலோடு ஐந்து குடும்பங்கள் இருக்கிறோம். நாமே ஒன்று தொடங்கினால் என்ன என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்துத் தெருவில் இரண்டாவது மாடியில் ஒரு வீடு வாடகைக்குக் கிடைக்கும். சொல்லிக்கொடுக்கும் முறை மாண்டிசோரியா, ரெஜியோ எமிலியாவா என்பதில்தான் எங்களுக்குள் சண்டை. என் மாமியாரோ, “பெத்தவங்களே டீச்சர்னா பிள்ளை யார் பேச்சைக் கேக்கும்?” என்கிறார். நாங்கள் இதைச் செய்யலாமா? எந்த முறை நல்லது? தொடங்கினால் நீங்கள்தான் வந்து திறந்துவைக்க வேண்டும்.

ஆர்., ஓசூர்

அன்புள்ள ஆர்.,

செய்யலாம். மாண்டிசோரியா ரெஜியோவா என்ற சண்டையை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். ஐந்து குடும்பம் ஒன்றுகூடினால் அதைவிடப் பெரிய சண்டைகள் வரிசையில் காத்திருக்கும்.

ரெஜியோ எமிலியா என்ற பெயர் இன்று மரப்பொம்மை விளம்பரம்வரை வந்துவிட்டது. அது வட இத்தாலியில் உள்ள ஒரு நகரம். அந்த முறையின் வேரில் இருப்பவர்கள் உங்களைப் போன்ற பெற்றோர்தான். 1945 ஏப்ரல் 25 இத்தாலியின் விடுதலை நாள். அடுத்த சில நாட்களில், நகரத்துக்கு வெளியே வில்லா செல்லா என்ற கிராமத்தில் ஜனங்கள் சிறு குழந்தைகளுக்கு ஒரு பள்ளி கட்டுவதென்று முடிவெடுத்தார்கள். பின்வாங்கிய ஜெர்மன் படை விட்டுவிட்டுப் போன ஒரு டாங்கி, சில லாரிகள், சில குதிரைகள் – இவற்றை விற்ற காசுதான் முதல். ஒரு விவசாயி நிலம் கொடுத்தார். குண்டு விழுந்து இடிந்த வீடுகளிலிருந்து செங்கல்லும் உத்தரமும் வந்தன. மணல் ஆற்றில் இருந்தது. பகலெல்லாம் வயலில் வேலை என்பதால் இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கட்டினார்கள்.

லோரிஸ் மலகுஸி என்ற 25 வயது ஆசிரியர் இந்தச் சேதியைக் கேட்டு நம்பாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு பார்க்கப் போனார். அங்கே பெண்கள் இடிபாட்டுச் செங்கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தான் ஆசிரியர் என்று சொன்னதும், ‘அப்படியானால் எங்களோடு வந்து வேலை செய்’ என்றார்கள். பிற்பாடு உலகமே அவர் பெயரோடு சேர்த்துச் சொல்கிற கல்விமுறை அந்த அழைப்பிலிருந்துதான் கிளம்பியது. அதாவது முறை பின்னால் வந்தது. முன்னால் இருந்தது பள்ளி நடத்தத் துணிந்த ஒரு கூட்டம். இருபது வருட பாசிச ஆட்சியையும் ஒரு போரையும் பார்த்துவிட்டு, தங்கள் குழந்தைகள் வேறு மாதிரி வளர வேண்டும் என்று நினைத்த கூட்டம்.

பலரும் சொல்லாமல் விடுவது அதற்குப் பிந்தைய இருபது ஆண்டுக் கதை. செல்லாவைப் பார்த்து நகரத்தின் ஏழைப் பகுதிகளில் பெற்றோர் இன்னும் ஏழு பள்ளிகளைத் தொடங்கினார்கள். சில தாக்குப்பிடிக்கவில்லை. மற்றவை காசில்லாமல், கட்டடம் ஒழுக, எப்படியோ ஓடின. 1963இல் நகராட்சி தன் முதல் மழலையர் பள்ளியைத் திறந்தது. 1967 முதல் பெற்றோர் நடத்திய பள்ளிகளும் நகராட்சியின் கைக்கு மாறின. சம்பளம், கட்டடம் எல்லாம் நகராட்சிப் பொறுப்பு. ஆனால் பெற்றோரும் ஆசிரியரும் ஊர்க்காரர்களும் சேர்ந்த குழு நிர்வாகத்தில் உட்காரும் வழக்கம் போகவில்லை. என் கணக்கில் அந்த டாங்கியை விற்றதைவிடப் பெரிய சாதனை இது.

ஏன் என்று சொல்கிறேன். உங்கள் மகளுக்கு மூன்று வயது. இன்னும் மூன்று வருடத்தில் ஒன்றாம் வகுப்புக்குப் போய்விடுவாள். அவளோடு நீங்களும் போய்விடுவீர்கள். பெற்றோர் தொடங்கும் பள்ளிக்கு வெளியிலிருந்து எந்த எதிரியும் வர வேண்டியதில்லை, குழந்தைகள் வளர்ந்தாலே போதும்.

எனக்குத் தெரிந்து கொங்குப் பக்கம் ஓர் ஊரில் இப்படி ஒன்று நடந்தது. நல்ல மனிதர்கள், படித்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாட்ஸப் குழுவில் அந்த வாரம் எந்த நாள் யார் பொறுப்பு என்று பட்டியல் வரும். முதல் வருடம் பட்டியல் வரும் முன்பே ஆட்கள் நாளைப் பிடித்துவைத்துக்கொள்வார்கள். மூன்றாம் வருடம், “செவ்வாய் எனக்கு ஆடிட் இருக்கு, யாராவது மாத்திக்கறீங்களா?” என்று ஒரு செய்தி. அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். ஒருவரும் மாற்றிக்கொள்ளவில்லை. கடைசியில் இரண்டு தாய்மார்களே எல்லா நாளும் பார்த்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் ஒன்றாம் வகுப்புக்குப் போன ஜூனில் பள்ளி திறக்கவில்லை. குட்டி நாற்காலிகளை ஓஎல்எக்ஸில் விற்றார்கள். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, பணத் தகராறும் இல்லை.

நியூசிலாந்தில் இந்தச் சிக்கலை வேறு விதமாகக் கையாண்டார்கள். 1941, போர்க்காலம். கணவர்கள் படைக்குப் போய்விட, தனியாகப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிய தாய்மார்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கட்டும் என்று வெலிங்டனில் சில பெண்கள் தொடங்கியதுதான் ப்ளேசென்டர். பெற்றோரே முறைவைத்து வந்து பார்த்துக்கொள்வார்கள். அவர்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம், பெற்றோருக்கே வகுப்பு நடத்தியது. குழந்தை எப்படி விளையாடுகிறது, ஏன் கடிக்கிறது, எப்போது தலையிட வேண்டும், எப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று படித்துத் தேர்ந்த பிறகே பொறுப்பு ஏறும். ஒரு தாய் போனால் பயிற்சி பெற்ற இன்னொரு தாய் தயாராக இருப்பாள். 1948இல் மையங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டமைப்பானது. அங்கேயும் பிற்காலத்தில் பெண்கள் வேலைக்குப் போகப் போக, முறைவைக்க ஆள் கிடைப்பது கடினமாகிப் பல மையங்கள் மூடப்பட்டன என்பதையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் ஐந்து குடும்பத்தில் எத்தனை வீட்டில் இருவரும் வேலைக்குப் போகிறீர்கள்? எத்தனை பேருக்கு ஷிப்ட்? முதல் கூட்டத்தில் இதைப் பேசுங்கள்.

நம் நாட்டு உதாரணம் ஒன்று, குஜராத்தின் கிஜுபாய் பதேகா. வக்கீல். தன் மகனை எப்படி வளர்ப்பது என்ற கவலையில்தான் மாண்டிசோரியைப் படிக்க ஆரம்பித்தார். மகன் பிறந்தது 1913. பாவ்நகரில் அவர் பால மந்திர் தொடங்கியது 1920. கணக்குப் போட்டுப் பாருங்கள், பள்ளி திறந்தபோது பையனுக்கு அந்த வயதே தாண்டிவிட்டது. ஆகவே அது முதல் நாளிலிருந்தே ஊரார் பிள்ளைகளுக்கான பள்ளியாக இருந்தது.

அதனால், உங்கள் ஐவருக்கு நான் சொல்வது இதுதான். ஒவ்வொரு ஜூனிலும் புதிதாக மூன்று வயதுக் குழந்தைகளைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று இப்போதே எழுதிவையுங்கள். உங்கள் குடியிருப்பில் வீட்டுவேலைக்கு வருகிறவரின் குழந்தைக்கும் வாட்ச்மேன் குழந்தைக்கும் இடம் கொடுங்கள். தர்மத்துக்காக அல்ல, அந்தக் குடும்பங்களுக்கும் பட்டியலில் ஒரு நாள் இருக்கட்டும். சங்கமாகப் பதிவு செய்யுங்கள். 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும், ஐந்து தம்பதியர் என்றால் பத்துப் பேர் ஆகிவிட்டது. அதில் இரண்டு இடத்தை இங்கே பிள்ளை படிக்காதவர்களுக்கு ஒதுக்குங்கள். ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை, ஒரு மருத்துவர் என்று. உங்கள் மகள் போன பிறகும் அவர்கள் இருப்பார்கள். விளையாட்டுப் பள்ளிகளுக்கென்று 2015இல் வந்த அரசு விதிகளையும் வாங்கிப் படித்துவிடுங்கள்.

இரண்டாவது மாடி வேண்டவே வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் செத்தது ஒரு மாடிப் பள்ளியில், குறுகலான படிக்கட்டுக்கு மேலே. தரைத்தளமும் இரண்டு வாசலும் கிடைக்கும்வரை தொடங்காதீர்கள். வாடகை கூடத்தான் ஆகும்.

எந்த முறை? பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியையைத் தேடிப் பிடியுங்கள், அவருக்கு எது கைவந்ததோ அது. 1939இல் மரியா மாண்டிசோரியே அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், அந்த மரபில் வந்தவர்கள் இங்கே கிடைப்பார்கள். அவருக்கு ஒழுங்கான சம்பளம் கொடுங்கள். நாற்காலிக்குச் செலவழிப்பதைச் சம்பளத்தில் மிச்சம் பிடிக்கும் வழக்கம் நம் ஊரில் அதிகம். வகுப்பில் அவர் சொல்வதுதான் முடிவு. பெற்றோர் உதவிக்கு நிற்பவர்கள்.

உங்கள் மாமியார் கேட்டது நல்ல கேள்வி. பயம் போகட்டும், தன் அம்மா அறையில் இருந்தால் குழந்தை மடியை விட்டு இறங்காது என்பது உண்மை. உங்கள் முறை வரும் நாளில் உங்கள் மகளை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் மற்ற பிள்ளைகளோடு இருங்கள். முதல் இரண்டு மாதம் அழுகைதான். மாமியாரையும் பட்டியலில் சேருங்கள். சமையலை அவர் பொறுப்பில் விட்டால் இன்னும் நல்லது. ரெஜியோ பள்ளிகளில் சமையல்காரரும் ஆசிரியர் குழுவோடு சேர்ந்தவர்தான். பட்டாணி உரிப்பதும் மாவு பிசைவதும் அங்கே வகுப்பு.

திறப்பு விழாவுக்கு நான் வரவில்லை. பேனர், மேடை, சால்வை எதுவும் வேண்டாம். அந்தப் பணத்துக்கு மணல் வாங்கிப் போடுங்கள். எம்-சாண்ட் ஆகாது, தூசி அதிகம், கையைக் கீறும். ஆற்றுமணல் கிடைக்காவிட்டால் செம்மண்ணைக் கல் போகச் சலித்துக் கொட்டுங்கள். ராத்திரியில் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும், பூனைகள் அசிங்கம் செய்துவிடும்.