எஃப்சி தேதி தாண்டிவிட்டால் ஃபைன் கட்டினால் போதுமா?

எஃப்சி என்பது ஃபிட்னஸ் சர்டிஃபிகேட், வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்பதற்கான சான்று. அதைப் பற்றி வந்த கேள்வி இதுதான்: "என் மாமா பெங்களூரில் சொந்தமாக டாடா ஏஸ் வைத்து ஓட்டுகிறார். எஃப்சி முடிந்து ரெண்டு மாதம் ஆகிவிட்டது. ஆயுத பூஜை சீசன் முடியட்டும், அதுவரை யாராவது பிடித்தால் ஃபைன் கட்டிக்கொள்ளலாம் என்கிறார். அப்படி ஓட்டலாமா?"

ஓட்டக் கூடாது. கையில் இருக்கிற லோடை இறக்கிவிட்டு இன்றைக்கே வண்டியை ஓரம் கட்டச் சொல்லுங்கள். வில்சன் கார்டனில் எங்கள் ஷெட்டுக்கு வருகிற வேலையில் முக்கால்வாசி எஃப்சி வேலைதான். டிங்கரிங், பெயிண்ட், பிரேக், லைட், ரேடியம் ஸ்டிக்கர் எல்லாம் பார்த்து, வண்டியை பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்துகிற அளவுக்குத் தயார் செய்து கொடுப்போம். உங்கள் மாமா சொல்வதையே சீசன் நேரத்தில் எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்கள் எல்லோரும் கணக்கில் எடுத்துக்கொள்வது ஃபைனை மட்டும்தான். இந்த விஷயத்தில் இருக்கிறதிலேயே சின்னச் செலவு அது.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-வது பிரிவு சொல்வது இது: எல்லோ போர்டு வண்டிக்கு, அதாவது வாடகைக்கு ஓடுகிற வண்டிக்கு, செல்லுபடியாகும் எஃப்சி இல்லை என்றால், அது முறையாக ரெஜிஸ்டர் ஆன வண்டியாகவே கருதப்படாது. ஆர்சி கையில் இருக்கும், டாக்ஸ் கட்டியிருப்பீர்கள், இன்சூரன்ஸும் நடப்பில் இருக்கும். ஆனாலும் தேதி முடிந்த மறுநாள் காலையில் ரோட்டுக்கு வந்தால், சட்டப்படி அது ரெஜிஸ்ட்ரேஷன் இல்லாத வண்டி. மற்ற எல்லாத் தொல்லையும் இந்த ஒன்றிலிருந்துதான் கிளம்புகிறது.

முதலில் ஃபைனையே எடுத்துக்கொள்வோம். 192-வது பிரிவின்படி முதல் தடவை 2,000 ரூபாய்க்குக் குறையாமல் 5,000 வரை. மறுபடி மாட்டினால் 5,000-க்குக் குறையாமல் 10,000 வரை, அல்லது ஒரு வருடம் வரை சிறை, அல்லது ரெண்டும். ஓட்டுகிறவருக்கும் இது உண்டு, ஓட்டவிட்ட ஓனருக்கும் உண்டு. உங்கள் மாமா ரெண்டும் அவரே. வேறு பையனை வைத்து ஓட்டுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் சம்பளத்துக்கு வந்த பையனும் சேர்ந்து மாட்டுவான். அதற்கு மேல் 207-வது பிரிவு வண்டியையே பிடித்து வைக்க அதிகாரம் தருகிறது. ஓசூரிலிருந்து கலாசிபாளையத்துக்குத் தக்காளி ஏற்றி வரும்போது அத்திப்பள்ளியில் வண்டி நின்றுபோனால், அன்றைக்குத் தக்காளிக்காரருக்குப் பதில் சொல்வது யார்? ஃபைனைக் கட்டிவிட்டு உடனே கிளம்பலாம் என்பதும் நடக்காது. ஃபைன் கட்டின ரசீது எஃப்சி ஆகாது. வண்டி அப்போதும் எஃப்சி இல்லாத வண்டிதான்.

பர்மிட் தேவைப்படுகிற பெரிய வண்டி என்றால் அதுவும் இதில் மாட்டிக்கொள்கிறது. நடப்பில் எஃப்சி இருக்க வேண்டும் என்பது 84-வது பிரிவின்படி பர்மிட்டுக்கே ஒரு நிபந்தனை. அதை மீறினால் பர்மிட்டை நிறுத்தி வைக்கவோ ரத்து செய்யவோ முடியும்.

தாமதக் கட்டணம் தனி. 2016 டிசம்பரில் மத்திய விதிகளில் வந்தது அது. எஃப்சி முடிந்த நாளிலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய். ரெண்டு மாதத்துக்கு 3,000 ஆகிறது. சீசன் முடிந்து பார்க்கலாம் என்று தள்ளத் தள்ள அது ஏறிக்கொண்டே போகும். எஃப்சிக்கான அடிப்படைக் கட்டணம் வண்டியின் வயதைப் பொறுத்தது. பழைய வண்டிகளுக்கு 2022 ஏப்ரலில் நன்றாக ஏற்றினார்கள், அதற்குப் பிறகும் மாறியிருக்கிறது. யாரோ போன வருடம் கட்டின தொகையை நம்பாமல், அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பர் போட்டால் காட்டுகிற தொகையைப் பாருங்கள்.

மெத்தனத்துக்கு ஒரு காரணம் எனக்குப் புரிகிறது. கொரோனா சமயத்தில், 2020 பிப்ரவரி 1-க்குப் பிறகு முடிந்த எஃப்சி, பர்மிட், லைசென்ஸ் எல்லாவற்றுக்கும் மத்திய அரசு தவணை தவணையாக நீட்டிப்புக் கொடுத்தது. 2021-ஓடு அது முடிந்துவிட்டது. அதே மாதிரி 2023 பிப்ரவரியில் பெங்களூர் டிராஃபிக் ஃபைன்களுக்குப் பாதித் தள்ளுபடி வந்தது. அது டிராஃபிக் போலீஸ் போட்ட சலான்களுக்குத்தான். எஃப்சி விஷயத்தில் அப்படி ஏதாவது வரும் என்று காத்திருப்பது வீண்.

இனிமேல் சொல்வதுதான் மாமாவுக்கு உறைக்க வேண்டியது. இன்சூரன்ஸ் பிரீமியம் கட்டியிருக்கிறோமே என்ற தைரியத்தில்தான் எல்லோரும் ஓட்டுகிறார்கள். தற்காலிக ரெஜிஸ்ட்ரேஷன் முடிந்துபோன வண்டி ஒன்று விபத்தில் சிக்கிய வழக்கில், ரெஜிஸ்ட்ரேஷன் இல்லாமல் ஓட்டினது பாலிசியின் அடிப்படை நிபந்தனையையே மீறினது, இன்சூரன்ஸ் கம்பெனி தர வேண்டியதில்லை என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021-ல் திருட்டுப்போன ஒரு வண்டிக்கும் அதே பதில்தான். ரெண்டும் எஃப்சி வழக்கு இல்லை என்பது சரி. ஆனால் எஃப்சி இல்லாத எல்லோ போர்டு ரெஜிஸ்டர் ஆகாத வண்டி என்று 56-வது பிரிவே சொல்லும்போது, கம்பெனிக்காரர்கள் கையில் எடுக்கிற ஆயுதம் இந்தத் தீர்ப்புகள்தான்.

சொந்த வண்டி நசுங்கினது கூடப் போகட்டும். யாராவது அடிபட்டால்? உயிர் போனால்? அடிபட்ட குடும்பத்தைக் கைவிடக் கூடாது என்பதால், கம்பெனியை முதலில் கட்டச் சொல்லிவிட்டு, அந்தப் பணத்தை வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ள நீதிமன்றங்கள் அனுமதிக்கின்றன. பர்மிட் இல்லாத வண்டி விஷயத்தில் 2018-ல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. எஃப்சி இல்லாத வண்டிக்கும் இதே வழி என்று அதே வருடம் கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொன்னது. எல்லா நீதிமன்றமும் ஒரே மாதிரி தீர்ப்புச் சொல்வதில்லை, வண்டிக்காரர் பக்கம் வந்த தீர்ப்புகளும் உண்டு. ஆனால் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, வண்டிக்கே ட்யூ கட்டிக்கொண்டு இருக்கிற ஒருவர், லட்சக்கணக்கில் வரக்கூடிய ஒரு தொகையை அந்த நம்பிக்கையில் வைத்து விளையாட முடியுமா? மாமா பெயரில் நோட்டீஸ் வந்தால் அதில் அத்தையின் நகையும் பிள்ளைகளின் படிப்பும் சேர்ந்துதான் போகும்.

பேப்பர் விஷயத்தை விட எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று உண்டு. லிங்கராஜபுரத்து அண்ணன் ஒருவர் எஃப்சி தாண்டிப்போன ஏஸைக் கொண்டு வந்தார். "பிரேக்லாம் நல்லாத்தான் புடிக்குது தம்பி. பெயிண்ட் அடிச்சு ரேடியம் ஒட்டிக் குடு, போதும்" என்றார். பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தேன், பாதிக்குக் கீழே இருந்தது. கேட்டால், "அது அடிக்கடி குறையும், நான் ஊத்திக்குவேன்" என்கிறார். பின்பக்கம் இடது சக்கரத்தைக் கழற்றி டிரம்மை இழுத்தோம். உள்ளே தூசியெல்லாம் ஆயிலில் ஊறிச் சேறாகக் கிடந்தது. வீல் சிலிண்டரின் ரப்பர் கிழிந்து, கசிந்த ஆயில் முழுக்க லைனரில், அதாவது டிரம்மை உரசிப் பிடிக்கிற பட்டையில், இறங்கியிருந்தது. லைனரை விரலால் தொட்டால் வழுக்கிக்கொண்டு போகிறது. அந்தச் சக்கரத்தில் பிரேக் என்பதே இல்லை.

காலி வண்டியில் இது தெரியாது. முன் சக்கரங்கள் சமாளித்துவிடும். முழு லோடில், மழை ஈரத்தில், சட்டென்று மிதித்தால் பின்னால் வலது சக்கரம் மட்டும் பிடித்து வண்டியை வலப்பக்கம் இழுக்கும். நம் ஊரில் வலப்பக்கம் என்றால் எதிரே வருகிறவர்கள் மேல். டெஸ்டிங் சென்டரில் வண்டியை உருளை மேல் ஏற்றி பிரேக் பார்ப்பதே இதற்காகத்தான். ஒரே அச்சில் இடது சக்கரம் எவ்வளவு பிடிக்கிறது, வலது எவ்வளவு பிடிக்கிறது என்று தனித்தனியாக அளக்கிறார்கள். ஓட்டுகிறவர் காலுக்குத் தெரியாத வித்தியாசம் அங்கே நம்பராக வந்து நிற்கும். அந்த அண்ணன் நல்ல டிரைவர், பொறுப்பானவர். எஃப்சி என்ற ஒரு கெடு மட்டும் இல்லை என்றால் அந்த டிரம்மை அவர் இன்னும் எத்தனை மாதம் திறக்காமல் ஓட்டியிருப்பாரோ, நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது.

சரி, மாமா இப்போது செய்ய வேண்டியது என்ன? வாடகை எடுப்பதை நிறுத்த வேண்டும். ஆப்பில் ஓட்டுகிறவராக இருந்தால், பேப்பர் தேதி தாண்டினதும் ஐடியை அவர்களே லாக் செய்துவிடக்கூடும். இன்னொருவர் ஐடியில் ஓட்டுகிற யோசனையே வேண்டாம். பிறகு டாக்ஸ், இன்சூரன்ஸ், எமிஷன் (புகைச் சான்று) மூன்றும் நடப்பில் இருக்கிறதா, பாக்கி சலான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் எஃப்சி வேலை அங்கேயே நின்றுவிடும், அந்த நாட்களுக்கும் 50 ரூபாய் ஓடும். மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது நாலு டிரம்–டிஸ்க்கும் திறந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பெயிண்ட் அதற்கு அப்புறம். ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், டயர், சேஸ் நம்பர் துருப்பிடிக்காமல் படிக்கிற மாதிரி இருக்கிறதா என்பதையெல்லாம் ஷெட்டிலேயே பார்த்துவிடுவார்கள்.

கட்டணம் கட்டி அப்பாயின்ட்மென்ட் வாங்கினபின், இன்ஸ்பெக்ஷனுக்கு வண்டியை டோ செய்து கொண்டுபோவதுதான் பத்திரம். செலவாகும், ஆனால் வழியில் ஒரு விபத்து நடந்தால் வருகிற செலவுக்கு முன் அது ஒன்றுமில்லை. வண்டியே வராமல் எஃப்சி வாங்கித் தருகிறேன் என்று யாராவது ஏஜென்ட் சொன்னால் அவர் பக்கமே போக வேண்டாம். அந்த லைனர் கதையை மாமாவிடம் சொல்லுங்கள், ஏன் என்று அவருக்கே புரியும்.

சொந்தக் கார், பைக் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் ஒரு வார்த்தை. வொயிட் போர்டுக்கு 15 வருடம் வரை இந்தத் தொல்லை இல்லை. அதற்குப் பிறகு வண்டியைக் காட்டி ரெஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பிக்க வேண்டும், 5 வருடத்துக்குச் செல்லும். 2022-லிருந்து தாமதித்தால் பைக்குக்கு மாதம் 300, காருக்கு மாதம் 500 சேரும். அப்பா காலத்து வண்டி என்று வீட்டில் நிற்கிற மாருதிகளில்தான் இந்தத் தேதியை யாரும் பார்ப்பதில்லை.

மாமாவின் வண்டிக்கு 8 வயது ஆகவில்லை என்றால் புது எஃப்சி 2 வருடத்துக்குக் கிடைக்கும். 8 தாண்டிவிட்டால் வருடா வருடம் காட்ட வேண்டும். ஒருவேளை இன்ஸ்பெக்ஷனில் ஃபெயில் ஆனால் பதறவும் வேண்டாம், யாரிடமும் கெஞ்சவும் வேண்டாம். எஃப்சி மறுத்தால் என்ன காரணம் என்று எழுத்தில் கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை, 56-வது பிரிவிலேயே இருக்கிறது. அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கி அப்படியே மெக்கானிக் கையில் கொடுங்கள், எழுதியிருக்கிறதைச் சரிசெய்து மறுபடி காட்டலாம். காரணம் நியாயமில்லை என்று தோன்றினால் 30 நாளைக்குள் அப்பீல் போகவும் வழி இருக்கிறது.